ஒரு கணிப்பொறி, பல முகப்புகள்

(பன்னிரண்டாம் வகுப்பு மாணவி, கணிப்பொறி அறிவியல் பிரிவு)



‘ஆள் பாதி, ஆடை பாதி’ என்பது நம் முன்னோர் சொல்லி வைத்த பழமொழி. ஆடையைக் கண்டு ஆளை மதிக்கும் உலகம் இது. ஆனால் ஆடையையே ஆள் என்று எண்ணிவிட்டால் என்ன ஆகும்? கணிப்பொறியின் விஷயத்தில் எங்கள் வீட்டார் அனைவரும் அந்தத் தவற்றைச் செய்தோம். அதனால் ஒரு நல்ல மடிக்கணினி மூன்று ஆண்டுகள் பரண்மேல் கிடந்தது. என் அம்மா தம் கம்மலை அடகு வைக்கவும் துணிந்தார். அந்தத் தவற்றிலிருந்து நான் கற்றதையே இங்கே ஒரு பாடமாக எழுதுகிறேன்.

புத்தகத்தில் ஒரு படம், திரையில் ஒரு படம்

2018ஆம் ஆண்டில் வெளிவந்த பதினொன்றாம் வகுப்புக் கணிப்பொறி அறிவியல் பாடநூலில், விண்டோசை அடுத்து உபுண்டு லினக்ஸ் பற்றியும் ஒரு பகுதி உண்டு. அதைப் படித்துவிட்டு ஆவலோடு ஆய்வகத்திற்குச் சென்றேன். அங்கிருந்த லினக்ஸ் கணிப்பொறியைத் திறந்ததும் திகைத்துப் போனேன். புத்தகப் படத்தில் இடப்பக்க ஓரத்தில் சின்னங்கள் மேலிருந்து கீழாக அடுக்கியிருந்தன. ஆய்வகத் திரையிலோ உச்சியில் ஒரு பட்டை. அதன் மூலையில் ஓர் எலியின் உருவம். புத்தகத்தில் கண்ட எதையும் அங்கே காணோம்.

“டீச்சர், இது லினக்ஸ் இல்லையா?” என்று கேட்டேன்.

ஆசிரியை சிரித்தார். “இதுவும் லினக்ஸ்தான், அதுவும் லினக்ஸ்தான். நீ திங்கட்கிழமை சீருடையில் வருகிறாய், பண்டிகைக்குப் பாவாடை தாவணியில் வருகிறாய். இரண்டும் நீதானே?” என்றார். பிறகு நான் எழுதியிருந்த சிறு நிரலைச் சேமிக்கச் சொன்னார். கணிப்பொறியிலிருந்து வெளியேறி, கடவுச்சொல் கேட்கும் திரையில் ஒரு சின்னத்தைச் சொடுக்கி, மீண்டும் உள்ளே நுழைந்தார். என்னே விந்தை! பட்டை இல்லை, எலி இல்லை. திரை முழுவதும் வேறாக இருந்தது. ஆனால் நான் சேமித்த நிரல் வைத்த இடத்திலேயே இருந்தது. மாறியது ஆடை மட்டுமே.

முகப்புச் சூழல் என்றால் என்ன?

கணிப்பொறியின் உறுப்புகளை எல்லாம் ஆள்வது கெர்னல் என்னும் கருநிரல். நினைவகத்தைப் பங்கிடுவதும், வட்டில் எழுதுவதும், விசைப்பலகையில் நாம் தட்டுவதை வாங்கிக்கொள்வதும் அதன் வேலை. சரியாகச் சொன்னால் ‘லினக்ஸ்’ என்ற பெயர் இதற்கு மட்டுமே உரியது. இதை எழுதத் தொடங்கியவர் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ். ஆண்டு 1991, அப்போது அவருக்கு வயது 21.

கெர்னலுக்கு முகம் கிடையாது. படம், சாளரம், சுட்டி ஆகியவை எல்லாம் அதன்மேல் இயங்கும் வேறு நிரல்களின் வேலை. திரையில் வரைவதற்கான அடித்தளமாக எக்ஸ் என்னும் அமைப்பு 1984இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் உருவாயிற்று. வேலண்ட் என்னும் புதிய அமைப்பு 2008இல் தொடங்கப்பட்டு, இப்போது அதன் இடத்தைப் பிடித்து வருகிறது. இந்த அடித்தளத்தின்மேல் சாளரங்களை நகர்த்தும் நிரல், பட்டை, பட்டியல், கோப்புகளைக் காட்டும் நிரல், அமைப்புகளை மாற்றும் நிரல் ஆகியவற்றை ஒருசேரத் தொகுத்துக் கட்டிய தொகுப்பையே முகப்புச் சூழல் என்கிறோம். கடைத்தெருவில் ‘டெஸ்க்டாப்’ என்றாலே போதும்.

விண்டோசிலும் ஆப்பிள் கணிப்பொறியிலும் உள்ளே இருப்பதும் வெளியே தெரிவதும் ஒன்றாகவே பிணைந்து வருகின்றன. லினக்சிலோ இரண்டும் தனித்தனி. விரும்பிய முகப்பை அணியலாம். ஒன்றுக்கு மேற்பட்டவற்றை வைத்துக்கொண்டு வேளைக்கு ஒன்றாக மாற்றலாம். முகப்பே இல்லாமலும் இயக்கலாம். உலகின் மிக வேகமான 500 மீக்கணிப்பொறிகளின் பட்டியலில் 2017 நவம்பர் முதல் இடம்பெற்றவை அனைத்தும் லினக்சிலேயே இயங்குகின்றன. அவற்றிற்கு அழகிய முகப்பு எதற்கு? நம் கையிலுள்ள ஆண்ட்ராய்டு கைப்பேசியின் உள்ளே இருப்பதும் லினக்ஸ் கெர்னல்தான். ஆகவே லினக்சை அறியாதவர் நம்மில் ஒருவரும் இல்லை. அதன் பல முகங்களை அறியாதவர்தாம் பலர்.

ஏன் இத்தனை முகப்புகள்?

1996 அக்டோபர் 14 அன்று மத்தியாஸ் எட்ரிக் என்னும் ஜெர்மானிய மாணவர் ஓர் அழைப்பு விடுத்தார். கணிப்பொறி வல்லுநர் அல்லாத சாதாரண மக்களும் எளிதாகக் கையாளும்படி, ஒரே சீரான தோற்றமுள்ள முகப்பு ஒன்றைச் சேர்ந்து கட்டுவோம் என்பதே அந்த அழைப்பு. அப்படி வளர்ந்ததே கேடிஇ. இன்று அதன் முகப்புக்குப் பிளாஸ்மா என்று பெயர்.

கேடிஇ பயன்படுத்திய கியூட்டி என்னும் கருவித்தொகுப்பு அப்போது முழுச் சுதந்திரத்துடன் தரப்படவில்லை. அந்தக் குறையைக் கண்ட மெக்சிகோ இளைஞர்கள் மிகேல் டி இகாசா, பெடரிகோ மேனா ஆகிய இருவரும் 1997 ஆகஸ்டில் க்னோம் என்னும் முகப்பைத் தொடங்கினர். பின்னர் கியூட்டியும் கட்டற்றதாயிற்று. ஆனால் அதற்குள் உலகிற்கு இரண்டு நல்ல முகப்புகள் கிடைத்துவிட்டன!

இதற்கிடையில் பிரான்சு நாட்டின் ஒலிவியே ஃபூர்தான் 1996இல் எக்ஸ்எஃப்சிஇ என்னும் எளிய முகப்பைத் தொடங்கியிருந்தார். நான் ஆய்வகத்தில் கண்ட எலி அதன் சின்னமே. தைவானைச் சேர்ந்த ஹோங் ஜென் யீ 2006இல் எல்எக்ஸ்டிஇ என்னும் மிக இலேசான முகப்பைக் கொண்டுவந்தார். அதன் வழியில் பிறந்ததே இன்றைய எல்எக்ஸ்க்யூட்டி.

2011இல் ஒரு பெரிய மாற்றம் நேர்ந்தது. க்னோம் தன் மூன்றாம் பதிப்பில் தோற்றத்தை அடியோடு மாற்றியது. பழைய வடிவத்துக்குப் பழகியிருந்த பலருக்கு அது பிடிக்கவில்லை. அவர்கள் முணுமுணுத்துவிட்டுப் பேசாமல் இருக்கவில்லை. பழைய க்னோமின் நிரலை எடுத்து மாத்தே என்ற பெயரில் ஒரு குழு காப்பாற்றியது. தென் அமெரிக்க மக்கள் பருகும் ஒருவகைப் பானத்தின் பெயர் அது. லினக்ஸ் மின்ட் குழுவினர் சின்னமன் என்னும் முகப்பை உருவாக்கினர். அது நம் சமையலறை இலவங்கப்பட்டையின் ஆங்கிலப் பெயர். நிரலை அனைவரும் பார்க்கலாம், மாற்றலாம் என்ற உரிமை இருந்ததால் அல்லவா இது முடிந்தது?

நம் வீடுகளுக்கு வந்த லினக்ஸ்

இவையெல்லாம் அயல்நாட்டுச் செய்திகள் என்று எண்ணாதீர்கள். மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம், இந்திய மொழிகளில் பயன்படும்படி பாஸ் என்னும் லினக்சை உருவாக்கி 2007இல் வெளியிட்டது. அது டெபியன் என்னும் லினக்சை அடிப்படையாகக் கொண்டது. தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூரை அடுத்த காக்களூரில் தொடங்கப்பட்டது. அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் மேல்நிலை வகுப்பில் படித்த மாணவ மாணவியர் மடிக்கணினி பெற்றனர். அத்திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் வந்த கணினிகளில் விண்டோஸ், பாஸ் என இரண்டு வாயில்கள் இருந்தன.

என் அக்கா 2013இல் அப்படி ஒன்றைப் பெற்றார். அதன் நினைவகம் 2 ஜிபி. கல்லூரிப் படிப்பு முழுவதும் அதுவே அவருக்குத் துணை. பாஸ் என்னும் இரண்டாம் வாயிலை அவர் ஒருநாளும் திறந்ததில்லை. ஆண்டுகள் செல்லச் செல்லக் கணினி மந்தமாயிற்று. திறந்துவிட்டு உலை வைத்தால், சோறு வெந்தபின்தான் திரை வரும் என்று அம்மா கேலி செய்வார். அக்கா மறைமலைநகரில் வேலைக்குச் சேர்ந்தபின் அது பரண் ஏறியது.

நான் பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்தேன். பைத்தான் நிரல்களை வீட்டில் செய்து பார்க்க ஒரு கணினி தேவைப்பட்டது. பொத்தேரி ரயில் நிலையத்தில், தோளில் புதிய மடிக்கணினியோடு நடைமேம்பாலம் ஏறும் கல்லூரி மாணவர்களைப் பார்த்து ஏங்கியதுண்டு. பரணிலிருந்த கணினியை இறக்கிப் பழுதுபார்க்கும் கடை ஒன்றில் காட்டினோம். “இது இனிமேல் ஆகாதம்மா. தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குங்கள்” என்றார்கள். வீடு திரும்பும் வழியெல்லாம் அம்மா பேசவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றும்போது, “கம்மலை வைத்தால் பாதிப் பணம் கிடைக்கும், மீதியைக் குழுவில் கேட்டுப் பார்க்கிறேன்” என்றார்.

மறுநாள் ஆசிரியையிடம் கூறினேன். அவர் கணினியைக் கொண்டுவரச் சொன்னார். அக்காவின் படங்களையும் பாடக் குறிப்புகளையும் முதலில் பென்டிரைவில் நகல் எடுத்தோம். பழைய பாஸ் பதிப்புக்குப் புதுப்பித்தல்கள் நின்றுவிட்டதால், 2023இல் வெளிவந்த டெபியன் 12ஐ நிறுவினோம். எந்த முகப்பு வேண்டும் என்று அது கேட்டது. ஆய்வகத்தில் பார்த்து மயங்கிய க்னோமையே நான் கேட்டேன். ஆசிரியை மறுக்கவில்லை, “போட்டுப் பார்” என்றார்.

போட்டோம். அழகாகத்தான் இருந்தது. ஆனால் உலாவியைத் திறந்ததும் பழைய நோவு திரும்பியது. சுட்டி நின்று நின்று நகர்ந்தது. “பார்த்தீர்களா டீச்சர், கடைக்காரர் சொன்னது சரிதான்” என்றேன்.

“அவசரப்படாதே, அளந்து பார்” என்றார் அவர். முனையத்தைத் திறந்து ‘ஃப்ரீ’ என்னும் கட்டளையைத் தட்டச் செய்தார். எந்த வேலையும் தொடங்குவதற்கு முன்பே 1 ஜிபிக்கு மேல் நினைவகம் செலவாகியிருந்தது. மொத்தம் இருப்பதே இரண்டுதான். பிறகு எல்எக்ஸ்க்யூட்டியை நிறுவி, அதில் நுழைந்து மீண்டும் அளந்தோம். செலவு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது! அதே கணினி, அதே கெர்னல், அதே வட்டு. கனமாக இருந்தது மேலே போட்ட ஆடையே.

எதைத் தேர்ந்தெடுப்பது?

எது சிறந்தது என்று கேட்பதைவிட, எந்தக் கணினிக்கு, யாருக்கு என்று கேட்பதே முறை.

1. நினைவகம் 2 ஜிபி அளவில் உள்ள பழைய கணினிக்கு எல்எக்ஸ்க்யூட்டி அல்லது எக்ஸ்எஃப்சிஇ ஏற்றது. 
2. நினைவகம் 4 ஜிபி அளவில் இருந்தால் எக்ஸ்எஃப்சிஇ, மாத்தே, சின்னமன் ஆகியவற்றில் விரும்பியதைக் கொள்ளலாம். 
3. அதற்கு மேல் இருந்தால் க்னோம், பிளாஸ்மா ஆகியவையும் நன்றாக ஓடும்.

பயன்படுத்துபவரின் பழக்கத்தையும் எண்ண வேண்டும். விண்டோசுக்குப் பழகியவர், கீழே பட்டையும் இடப்பக்க மூலையில் பட்டியலும் இருந்தால் தடுமாறமாட்டார். சின்னமன், பிளாஸ்மா, எல்எக்ஸ்க்யூட்டி ஆகியவை அந்த வடிவில் வருபவை. எல்லாவற்றையும் தன் விருப்பம்போல் மாற்றியமைக்க ஆசைப்படுபவருக்குப் பிளாஸ்மா நல்ல களம். கவனம் சிதறாமல் ஒரு நேரத்தில் ஒரு வேலை என்று இருப்பவருக்கு க்னோம் பிடிக்கும்.

நிறுவும் முறை

டெபியன், உபுண்டு, பாஸ் ஆகிய மூன்றும் ஒரே குடும்பம். ஆகவே இவற்றில் வழி ஏறக்குறைய ஒன்றே. கீழ்க்காணும் கட்டளைகளை முனையத்தில் ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்ட வேண்டும்.

முதலில் ‘சூடோ ஆப்ட் அப்டேட்’. இது மென்பொருள்களின் பட்டியலைப் புதுப்பிக்கும். அடுத்து ‘சூடோ ஆப்ட் இன்ஸ்டால்’ என்று தட்டி, இடைவெளி விட்டு, முகப்பின் பெயரை எழுத வேண்டும். எல்எக்ஸ்க்யூட்டிக்கு அதே பெயர். எக்ஸ்எஃப்சிஇக்குப் பெயரின் இறுதியில் 4 என்ற எண்ணையும் ஒட்டி எழுத வேண்டும். டெபியனில் ‘சூடோ டாஸ்க்செல்’ என்று தட்டினால் முகப்புகளின் பட்டியலே வரும். இடைவெளி விசையால் வேண்டியதைக் குறித்துக்கொள்ளலாம். ஏற்கெனவே குறித்திருப்பதை நீக்கிவிடாதீர்கள். நீக்கினால் அந்தத் தொகுப்பையே கணினியிலிருந்து அகற்றச் சொன்னதாகப் பொருள்.

டெபியனை நிறுவும்போது நிர்வாகிக்குத் தனிக் கடவுச்சொல் கொடுத்திருந்தால், ‘சூடோ’ என்ற சொல்லை அது ஏற்காது. அப்போது கவலை வேண்டாம். ‘சு’ என்னும் கட்டளைக்குப்பின் இடைவெளி விட்டுச் சிறுகோடு இட்டு, நிர்வாகியாக நுழைந்து செய்யலாம்.

நிறுவும் நடுவில், இயல்பான உள்நுழைவு மேலாளர் எது என்று ஒரு கேள்வி வரலாம். கடவுச்சொல் கேட்கும் திரையைக் காட்டும் நிரலே உள்நுழைவு மேலாளர். க்னோமுடன் வருவது ஜிடிஎம். பிளாஸ்மாவுடனும் எல்எக்ஸ்க்யூட்டியுடனும் வருவது எஸ்டிடிஎம். எக்ஸ்எஃப்சிஇயுடன் பெரும்பாலும் வருவது லைட்டிஎம். எதைத் தேர்ந்தெடுத்தாலும் எல்லா முகப்புகளுக்கும் அதன் வழியே செல்லலாம். பழைய கணினியானால் ஜிடிஎம்மைத் தவிர்ப்பது நல்லது.

நிறுவத் துணிவில்லையா? முகப்புகளுக்குத் தனித்தனியாக உயிரோட்டப் பதிப்புகள் உண்டு. பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கணினியை இயக்கிப் பார்க்கலாம். வட்டில் ஒன்றும் மாறாது. துணிக்கடையில் போட்டுப் பார்த்து வாங்குவது போன்றது அது.

உள்நுழைவுத் திரையில் தேர்ந்தெடுத்தல்

முகப்பை நிறுவியபின் பலர், “போட்டேன், ஆனால் மாறவில்லையே!” என்பர். காரணம், அவர்கள் திரையைப் பூட்டித் திறந்திருப்பார்கள். பூட்டுதல் வேறு, வெளியேறுதல் வேறு. பூட்டினால் பழைய அமர்வே உள்ளே காத்திருக்கும். வேலைகளைச் சேமித்துவிட்டு ‘லாக் அவுட்’ கொடுத்து முழுமையாக வெளியேற வேண்டும்.

அதன்பின் செய்ய வேண்டியது இது:

ஜிடிஎம் ஆனால் உங்கள் பெயரை முதலில் சொடுக்குங்கள். கடவுச்சொல் கட்டம் வந்தபின், வலப்பக்கக் கீழ் மூலையில் பற்சக்கரம் போன்ற சின்னம் தோன்றும். பெயரைச் சொடுக்கும் முன் அது தெரியாது. தேர்ந்தெடுக்க ஒரே ஒரு அமர்வு மட்டும் இருந்தாலும் தெரியாது. லைட்டிஎம்மில் மேல்பட்டையின் வலப்பக்கம் ஒரு சிறு சின்னம் இருக்கும். எஸ்டிடிஎம்மில் பெரும்பாலும் திரையின் ஒரு மூலையில் அமர்வின் பெயரே எழுதியிருக்கும்.

அதைச் சொடுக்கினால் நிறுவியுள்ள முகப்புகளின் பட்டியல் விரியும். க்னோம் என்ற பெயர் இருமுறை காணப்பட்டால் மிரள வேண்டாம். ஒன்று வேலண்ட் அடித்தளத்தின்மேல் ஓடுவது, மற்றொன்று எக்ஸ் அடித்தளத்தின்மேல் ஓடுவது. வேண்டியதைக் குறித்துக் கடவுச்சொல்லைத் தட்டி நுழையுங்கள். அடுத்த முறை அதுவே நினைவில் இருக்கும். நாள்தோறும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை.

எழுத்துத் திரையிலிருந்து தொடங்குதல்

சில வேளை படத்திரை வராமல் நின்றுவிடும். அப்போது கணினி கெட்டுவிட்டது என்று அழ வேண்டாம். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் கருந்திரையில் எழுத்துகள் மட்டும் தோன்றும். பெயரும் கடவுச்சொல்லும் தட்டி உள்ளே போகலாம். முகமில்லாத லினக்ஸ் இதுவே. நம் கோப்புகள் எல்லாம் அங்கும் பத்திரமாக இருக்கும்.

அங்கிருந்து ‘ஸ்டார்ட்எக்ஸ்’ என்று தட்டினால் எக்ஸ் அடித்தளம் எழும்பி, இயல்பான முகப்பு தொடங்கும். குறிப்பிட்ட முகப்பு வேண்டுமானால், நம் இல்லக் கோப்புறையில் ‘எக்ஸ்இனிட்ஆர்சி’ என்னும் பெயரின் முன் ஒரு புள்ளி இட்டுக் கோப்பொன்றை உருவாக்கி, அதில் ஒரே வரி எழுத வேண்டும். எல்எக்ஸ்க்யூட்டிக்கு அந்த வரி ‘எக்செக் ஸ்டார்ட்எல்எக்ஸ்க்யூட்டி’. எக்ஸ்எஃப்சிஇக்கு ‘எக்செக் ஸ்டார்ட்எக்ஸ்எஃப்சிஇ4’. புள்ளியில் தொடங்கும் கோப்பு சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாது என்பதை நினைவில் வையுங்கள்.

கவனிக்க வேண்டியவை

ஆசையில் எல்லா முகப்புகளையும் நிறுவிவிடாதீர்கள். கோப்பு காட்ட நான்கு நிரல்கள், எழுத்துத் திருத்த நான்கு நிரல்கள் என்று பட்டியல் நிறைந்துவிடும். வட்டில் இடமும் குறையும். இரண்டு போதும்: அன்றாட வேலைக்கு ஒன்று, அது தகராறு செய்தால் உதவ மற்றொன்று.

ஒரே பெயரில் பல முகப்புகளைப் பயன்படுத்தினால் எழுத்துருவும் நிறமும் ஒன்றின் அமைப்பு மற்றொன்றில் கலக்கலாம். சோதிப்பதற்கென்று தனியாக ஒரு பயனர் பெயரை உண்டாக்கிக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை. எந்த மாற்றத்திற்கும் முன் கோப்புகளை நகல் எடுங்கள். பழைய முகப்பை, புதியது நன்றாக ஓடுகிறது என்று உறுதியாகும்வரை நீக்காதீர்கள்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். முகப்பை மாற்றினால் எல்லாக் குறையும் தீர்ந்துவிடாது. எங்கள் கணினியின் மின்கலம் செத்துவிட்டது; எப்போதும் மின்இணைப்பில் வைத்தே பயன்படுத்துகிறோம். உலாவியில் ஐந்தாறு பக்கங்களைத் திறந்தால் இன்றும் திணறும். நினைவகத்தைக் கூட்டுவதும் புதுவகை எஸ்எஸ்டி வட்டு மாட்டுவதும் நல்லவையே. ஆனால் அவற்றிற்குப் பணம் வேண்டும். முகப்பை மாற்றப் பணம் வேண்டாம். ஆகவே செலவில்லாத மருந்தை முதலில் கொடுத்துப் பார்ப்பதே அறிவு.

திரையில் நம் தமிழ்

இந்த முகப்புகள் பலவற்றைத் தன்னார்வலர்கள் தமிழில் மொழிபெயர்த்திருக்கிறார்கள். மொழி அமைப்பில் தமிழைத் தேர்ந்து மீண்டும் நுழைந்தால் பட்டியல்கள் தமிழில் வரும். சிற்சில இடங்களில் ஆங்கிலம் எட்டிப் பார்க்கும். மொழிபெயர்ப்பு இன்னும் முடியவில்லை என்று பொருள். அந்த வேலையில் நம்மைப் போன்ற மாணவியரும் சேரலாம். தட்டெழுத, 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டின் பயனாக வந்த தமிழ்99 விசைப்பலகை உண்டு. ஐபஸ் என்னும் உள்ளீட்டு நிரலில் அதைச் சேர்த்துக்கொள்ளலாம்.

எங்கள் வீட்டில் இதனால் எதிர்பாராத பயன் ஒன்று விளைந்தது. அம்மா மகளிர் சுயஉதவிக் குழுவில் கணக்கு எழுதுபவர். கணினி என்றால் “எனக்கெதற்கடி அது?” என்று விலகிப் போவார். ஒருநாள் திரையில் ‘கோப்பு’, ‘திருத்து’ என்று தமிழில் கண்டதும் அருகில் வந்து அமர்ந்தார். அம்மாவுக்கென்று தனிப் பெயரில் ஒரு கணக்கு ஏற்படுத்தினேன். எழுத்துகளைப் பெரிதாக்கி, திரையில் இரண்டே சின்னங்களை வைத்தேன்: ஒன்று குழுவின் கணக்கேடு, மற்றொன்று அக்காவின் படங்கள். என் பெயரில் நுழைந்தால் பைத்தானுக்கு ஏற்ற முகப்பு. அம்மா பெயரில் நுழைந்தால் அவருக்கு ஏற்ற முகப்பு. ஒரே கணினி எங்கள் இருவரையும் வேறு வேறு முகத்தோடு வரவேற்கிறது.

சென்ற மாதம் குழுவின் சந்தாக் கணக்கை அம்மா தாமே தட்டி முடித்தார். கூட்டுத்தொகை தானாக வந்து விழுந்ததும் நோட்டுப் புத்தகத்தைப் பிரித்து விரல்விட்டு எண்ணிச் சரிபார்த்தார். சரியாக இருந்தது. ஒன்றும் சொல்லாமல் என்னைப் பார்த்துச் சிரித்தார். கம்மல் அவர் காதிலேயே இருந்தது.

தோழியரே! உங்கள் வீட்டுப் பரணிலும் அண்ணனோ அக்காவோ வாங்கிய மடிக்கணினி ஒன்று தூங்கிக்கொண்டிருக்கலாம். அதை இறக்குங்கள். தூசி தட்டுங்கள். கெட்டுவிட்டது என்று பிறர் சொன்னதையே முடிவாகக் கொள்ளாமல், எங்கே கனக்கிறது என்று அளந்து பாருங்கள். தெரியாவிட்டால் ஆசிரியையிடம் கேளுங்கள். கேட்பதில் இழுக்கு ஒன்றும் இல்லை. பெற்றோர்களே! வேறு வாங்குமுன் பிள்ளைகளுக்கு ஒரு வாரம் அவகாசம் கொடுங்கள்.

செய்து பார்க்க

1. உங்கள் கணினியில் எந்த வேலையும் தொடங்காத நிலையில் ‘ஃப்ரீ’ கட்டளை காட்டும் நினைவகச் செலவைக் குறித்துக்கொள்ளுங்கள். 
2. வேறொரு முகப்பில் நுழைந்து அதே அளவை எடுத்து ஒப்பிடுங்கள். 
3. வீட்டில் உள்ள பெரியவர் ஒருவருக்கு ஏற்றபடி ஒரு முகப்பை அமைத்து, அவர் பயன்படுத்தும்போது அருகிலிருந்து பாருங்கள். அவர் எங்கே தடுமாறுகிறாரோ, அங்கே உங்கள் அடுத்த பாடம் இருக்கிறது.